ஸ்டுட்கார்ட்டில் அட்டை, கும்பகோணத்தில் ஓடிபி

2019-ஆம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வந்து இறங்கியபோது என் கைப்பையில் 300 யூரோ ரொக்கம் இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து கும்பகோணத்தில் நான் கணக்கு வைத்திருந்த வங்கியின் டெபிட் கார்டு ஒன்றும் கிரெடிட் கார்டு ஒன்றும் கூடவே இருந்தன. இரண்டும் வெளிநாட்டிலும் செல்லும் என்று கிளையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். 2018 டிசம்பர் 31-க்குள் காந்தப்பட்டை அட்டைகளை எல்லாம் சிப் அட்டைகளாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்திருந்ததால் இரண்டிலும் சிப் இருந்தது; நான்கு இலக்க ரகசிய எண்ணும் மனப்பாடமாக இருந்தது. இதற்கு மேல் ஒரு அட்டைக்கு என்ன வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள் காலை ரொட்டிக் கடையின் கல்லாப்பெட்டி அருகே ‘ரொக்கம் மட்டும்’ என்று ஜெர்மனில் எழுதி ஒட்டியிருந்தது. அடுத்த தெருவின் மருந்துக் கடையில் அட்டை வாங்குவார்கள், ஆனால் அது அந்நாட்டு வங்கிகள் தரும் கிரோகார்டாக இருக்க வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு முத்திரை கொண்ட அட்டைகளை, அதிலும் ஐரோப்பாவுக்கு வெளியே வழங்கப்பட்டவற்றை ஏற்றுக்கொண்டால் கடைக்காரர் கட்ட வேண்டிய கட்டணம் கூடுதல் என்பதால், சிறிய கடைகள் பலவும் உள்நாட்டு அட்டையோடு நிறுத்திக்கொள்கின்றன என்பது பிறகு தெரிந்தது. பெரிய பல்பொருள் அங்காடியில் மட்டும் என் அட்டை எந்தத் தடையும் இல்லாமல் வேலை செய்தது. ஆகவே முதல் வாரம் முழுவதும் எங்கே எதை வாங்குவது என்பதை என் தேவை முடிவு செய்யவில்லை, கையிலிருந்த அட்டையே முடிவு செய்தது.

ரொக்கம் தீர்ந்ததும் ஏடிஎம்மைத் தேடிப் போனேன். 200 யூரோ கேட்டேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: கணக்கிலிருந்து யூரோவாகக் கழிக்கவா, ரூபாயாகக் கழிக்கவா? ரூபாய் என்றால் இவ்வளவு என்று ஒரு உறுதியான தொகையையும் காட்டியது. ஊர்ப் பணத்தில் கணக்குத் தெரிகிறதே என்ற நிம்மதியில் ரூபாய்க்கான பொத்தானை அழுத்தினேன். அன்று யூரோ ஒன்றுக்கு ஏறத்தாழ 78 ரூபாய். அந்த இயந்திரம் என்னிடம் எடுத்துக்கொண்டது 86 ரூபாய். 15,600 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியதற்கு 17,200 ரூபாய் போனது. பரிமாற்ற விகிதத்தை யார் முடிவு செய்வது என்பதுதான் அந்தக் கேள்வியின் உண்மையான பொருள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் இயந்திரத்தின் உரிமையாளர் தன் விருப்பப்படி விகிதத்தை வைத்துக்கொள்கிறார். யூரோவைத் தேர்ந்தெடுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலைப்பின்னலின் விகிதம் வருகிறது, அது சந்தை விலைக்கு மிக நெருக்கமானது. கடைகளில் அட்டையைத் தேய்க்கும் கருவியும் இதே கேள்வியைக் கேட்கும். அந்தந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இதை நான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யூரோவைத் தேர்ந்தெடுத்தாலும் செலவு இல்லாமல் போகாது. என் அட்டையில் அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். நூறு யூரோவுக்குச் சாமான் வாங்கினால் நான்கு யூரோவுக்கு மேல் கட்டணமாகவே போய்விடும். ஏடிஎம் என்றால் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் வேறு. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். நான்கு நாள் சுற்றுலா வருபவருக்கு இது பொருட்டில்லை. ஒரு வாழ்க்கையையே அந்த அட்டையை வைத்துத் தொடங்க வேண்டியவருக்கு இது கனமான சுமை.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஜெர்மனியில் சம்பளம் வாங்க உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். நான் அணுகிய வங்கிகள் கணக்குத் தொடங்க அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்டன. அந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு வேண்டும். நான் தங்கியிருந்ததோ தற்காலிக அறை. அந்த முகவரியில் பதிவு செய்துகொள்ள அனுமதி இல்லை. நிரந்தர வீடு ஒன்று கிடைத்தபோது உரிமையாளர் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், அதையும் வாடகைதாரர் மூன்று தவணைகளாகச் செலுத்தலாம் என்றும் ஜெர்மன் உரிமையியல் சட்டம் சொல்வது அப்போது எனக்குத் தெரியாது. பணம் அவருடைய ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணுக்கு வங்கி வழியாக வர வேண்டும். அட்டையும் ரொக்கமும் அவருக்கு உதவாது. என் இந்தியக் கணக்கில் பணம் இருந்தது, கையில் இரண்டு அட்டைகள் இருந்தன, ஆனால் அவற்றால் ஒரு வாடகை வீட்டின் கதவைத் திறக்க முடியவில்லை.

கும்பகோணத்தில் அப்பாதான் வங்கிக்குப் போனார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; அதுவரை வெளிநாட்டுக்கு ஒரு கடிதம்கூட அனுப்பியதில்லை. இந்தியாவில் வசிப்பவர்கள் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் திட்டத்தின் கீழ், ஏ2 படிவத்தை நிரப்பி, பான் அட்டை நகலை இணைத்து, நெருங்கிய உறவினரின் பராமரிப்புச் செலவு என்று காரணம் எழுதி, தன் கணக்கிலிருந்து எனக்காக அனுப்பினார். நான்காம் நாள் பணம் வந்து சேர்ந்தது. வீடு கிடைத்து, பதிவு முடிந்து, கணக்கு திறந்து, ஜெர்மன் அட்டை ஓர் உறையிலும் அதன் ரகசிய எண் வேறோர் உறையிலுமாகத் தபாலில் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை நான் உண்டது, உடுத்தியது எல்லாம் 4.13 சதவீதம் கூடுதல் விலையில்தான்.

உள்ளூர் அட்டை வந்த பிறகு இந்திய அட்டைக்கு வேலை இருக்காது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அதன் பிறகுதான் அதன் தேவை அதிகமாயிற்று. வீட்டு மின் கட்டணம், காஸ் சிலிண்டர், சொத்து வரி, அம்மாவின் சர்க்கரை நோய் மாத்திரைகள், அவர்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் போகும் ரயில் பயணச்சீட்டு எனப் பெற்றோரின் செலவுகள் பலவற்றை நான்தான் இணையம் வழியாகச் செலுத்திவந்தேன். இந்தியத் தளங்கள் பலவற்றில் பணம் செலுத்த இந்திய அட்டை வேண்டும். அந்த அட்டைக்கு ஓடிபி வேண்டும்.

அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் போதாது, வாடிக்கையாளருக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு சான்றும் வேண்டும் என்று இந்தியாவுக்குள் நடக்கும் இணையப் பரிமாற்றங்களுக்கு ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியிலேயே விதி வகுத்து, ஆகஸ்டிலிருந்து நடைமுறைப்படுத்திவிட்டது. இது நல்ல விதி. எத்தனையோ பேரின் சேமிப்பை அது காப்பாற்றியிருக்கிறது. இதன் மறுபக்கத்தை ஸ்டுட்கார்ட்டில்தான் கண்டேன்: ஒரு ஜெர்மன் தளத்தில் முதன்முறையாக என் இந்திய அட்டை எண்ணைக் கொடுத்தபோது, எந்த ஓடிபியும் கேட்காமலேயே பணம் போய்விட்டது. இந்திய விதி வெளிநாட்டு வணிகரைக் கட்டுப்படுத்துவதில்லை. ஊரில் நூறு ரூபாய் ரீசார்ஜுக்கு ஆறு இலக்கம் கேட்கும் அதே அட்டை, இங்கே வெறும் எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. அன்றிரவே வெளிநாட்டு இணையப் பயன்பாட்டுக்கான உச்சவரம்பைக் குறைத்துவிட்டேன்.

ஓடிபி வரும் சிம்மை நான் உடன் கொண்டுவரவில்லை. அதை ஒரு பழைய கைபேசியில் போட்டு அப்பாவிடம் விட்டுவந்தேன். ரோமிங் செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணினேன். ஜெர்மனியில் இருக்கும் நாம் இந்திய நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறோம். நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பினால், குளிர்காலத்தில் அங்கே இரவு பத்தரை. அப்பா அந்தக் கைபேசியைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு என் அழைப்புக்காக விழித்திருப்பார். நான் இங்கே பொத்தானை அழுத்துவேன், அங்கே குறுஞ்செய்தி ஒலிக்கும், கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, “நாற்பத்தேழு, பூஜ்யம் ஒன்பது, எண்பத்தொன்று… சரியாம்மா?” என்று இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து வாசிப்பார். சில சமயம் அவர் முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை அவர் வாசித்தது முந்தைய நாள் வந்த எண். மூன்று முறை தவறியதால் அட்டை அன்று முழுவதும் முடங்கியது. அவர் அதற்காக வருந்தினார். வருந்த வேண்டியவள் நான்தான். அறுபத்தெட்டு வயதில் அவரை ஒரு காவலாளியைப் போல உட்கார வைத்திருந்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்தை இந்தியா மார்ச் 23 முதல் நிறுத்தியது. அது முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27-இல்தான். அந்த சிம்முக்கு அப்பா தெருமுனைக் கடையில் ரீசார்ஜ் செய்வது வழக்கம். கடை மூடிக்கிடந்தது. நான் இணையத்தில் செய்திருக்கலாம், ஆனால் அந்த மாதங்களின் பதற்றத்தில் இருவருக்குமே நினைவில்லை. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கையிருப்பும் இல்லாமல் கிடக்கும் முன்கட்டண எண்ணைத் தொலைபேசி நிறுவனம் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. சில மாதங்கள் கழித்து அப்பா அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தபோது வேறொருவர் எடுத்தார். “இது இப்ப என் நம்பருங்க, ரெண்டு வாரம் ஆச்சு” என்று அவர் மரியாதையாகவே சொன்னார்.

என் வங்கிக் கணக்கின் சாவி முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் நல்லவர் என்பது என் அதிர்ஷ்டம். வங்கியைத் தொடர்புகொண்டேன். பதிவு செய்த எண்ணை மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைத் தர வேண்டும், இல்லையென்றால் கிளைக்கு நேரில் வர வேண்டும் என்றார்கள். முதலாவது இயலாது, இரண்டாவது அந்த ஆண்டில் எளிதில் இயலாது. அட்டைகளின் இணையப் பயன்பாட்டை முடக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன்.

அங்கீகாரமற்ற மின்னணுப் பரிமாற்றங்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையை அந்த வாரத்தில்தான் முழுமையாகப் படித்தேன். மூன்றாம் நபரின் மோசடியில் பணம் போய், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் புகார் செய்தால் நமக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை நம் பொறுப்பு. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைப் பிறரிடம் கொடுத்ததால் இழப்பு நேர்ந்தால், அவர் புகார் செய்யும் வரை முழுப் பொறுப்பும் அவருடையது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கும் நிலையில், இந்தப் பாதுகாப்பில் எவ்வளவு எனக்குக் கிடைத்திருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாடு போகும் பிள்ளைகளில் பலரும் தங்கள் ஏடிஎம் கார்டைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவசரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்ற அன்பால்தான். அட்டையையும் ரகசிய எண்ணையும் குடும்பத்தினர் உட்பட எவரிடமும் தரக் கூடாது என்பது வங்கிகளின் நிபந்தனை. பெங்களூருவில் பேறுகால விடுப்பில் இருந்த ஒரு பெண் 2013-இல் தன் கணவரிடம் அட்டையைக் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். பணம் வெளியே வரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கை 2018-இல் நுகர்வோர் மன்றம் தள்ளுபடி செய்தது. அட்டையையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுத்தது தவறு என்ற வங்கியின் வாதம் ஏற்கப்பட்டது. கணவன் மனைவிக்கே இந்தக் கதி. இதற்கு முறையான வழி இருக்கிறது: உள்ளூர்ச் செலவுகளுக்கு நம் கணக்கை இயக்க, இந்தியாவில் இருக்கும் பெற்றோருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், அல்லது நெருங்கிய உறவினரை இணைக் கணக்குதாரராகச் சேர்க்கலாம்.

2021-இல் டெபிட் கார்டின் ஆயுள் முடிந்தது. புதிய அட்டை கும்பகோணத்து முகவரிக்கு வந்தது. அட்டைதாரர் நேரில் இல்லை என்று கூரியர்காரர் திருப்பி எடுத்துப் போனார். கிளைக்குத் திரும்பிய அட்டையைப் பற்றிப் பேசப் போன இடத்தில்தான் மேலாளர் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்: உங்கள் மகள் வெளிநாட்டில் இருக்கிறாரா? அப்படியென்றால் இந்தக் கணக்கு இன்னும் சாதாரண சேமிப்புக் கணக்காக ஏன் இருக்கிறது?

வேலைக்காக வெளிநாடு போகும் ஒருவரின் சேமிப்புக் கணக்கு, 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். நான் இரண்டு ஆண்டுகளாக வங்கியிடம் சொல்லவே இல்லை. போதாக்குறைக்கு யூரோவில் சம்பாதித்ததை அந்தப் பழைய கணக்குக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். அட்டை வேலை செய்துகொண்டிருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பினேன். அட்டை வேலை செய்வதும் கணக்கு சட்டப்படி இருப்பதும் வேறு வேறு என்பதை எந்த இயந்திரமும் திரையில் காட்டுவதில்லை. கணக்கு முடக்கப்பட்டது. பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, ஜெர்மன் முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களில் சான்றொப்பம் பெற ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலேறி மியூனிக்கின் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனேன். கிரெடிட் கார்டை முழுவதும் அடைத்து மூடினேன்.

பணத்தைப் பொறுத்தவரை என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. என்ற இரண்டின் வேறுபாட்டைப் புறப்படும் முன்பே அறிந்துகொள்வது பெரிய உதவி. வீட்டு வாடகை, ஓய்வூதியம், பழைய சேமிப்பு போன்ற இந்திய வரவுகளுக்கு என்.ஆர்.ஓ.; அதன் வட்டிக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் பிடித்தே தருவார்கள். இந்தியா–ஜெர்மனி இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி உரிய சான்றுகளைக் கொடுத்தால் அது 10 சதவீதமாகக் குறையும். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ.; அதை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஜெர்மனியில் வசிப்பவர் அந்த வட்டியையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும் என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. அட்டைகளும் இதற்கேற்பப் பிரிகின்றன: பல வங்கிகளில் என்.ஆர்.ஓ. டெபிட் கார்டு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும், என்.ஆர்.இ. அட்டை வெளிநாட்டிலும் செல்லும்.

அப்படிக் கிடைத்த புதிய என்.ஆர்.இ. அட்டையும் ஸ்டுட்கார்ட்டின் கடையில் முதலில் மறுக்கப்பட்டது. 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடைக் கருவியிலும் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்கப்படும். அந்த இரண்டு சுவிட்சுகளையும் வங்கிச் செயலியில் தனித்தனியாக இயக்க வேண்டும். புறப்படும் முன் ஊரிலேயே ஒருமுறை ஏடிஎம்மில் அட்டையைப் போட்டு ரகசிய எண்ணை அமைத்துவிடுவதும் நல்லது.

யுபிஐ வந்துவிட்டதே, அட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை வெளிநாட்டுக் கைபேசி எண்ணோடு யுபிஐயில் இணைக்க 2023 ஜனவரியில் அனுமதி வந்தபோது சிங்கப்பூர், அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் உட்படப் பத்து நாடுகளின் எண்களுக்கே அது பொருந்தியது. பிறகு பிரான்சும் மலேசியாவும் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லாததால் எனக்கு அது உதவவில்லை.

பயணம் எளிதானதும் 2022 கோடையில் ஊருக்குப் போனேன். அப்பாவும் நானும் காலை பத்து மணிக்குக் கிளையில் இருந்தோம். வெளியே வரும்போது மணி இரண்டு. என் ஜெர்மன் எண் பதிவாயிற்று, ஓடிபி மின்னஞ்சலுக்கும் வரும்படி எழுதிக் கொடுத்தேன், அப்பாவுக்கு அதிகாரப் பத்திரம் வழியாகக் கணக்கை இயக்கும் உரிமை கிடைத்தது. இந்திய சிம் ஒன்றையும் புதிதாக வாங்கி, ஓராண்டுத் திட்டம் போட்டு, ரோமிங்கைத் திறந்து, இம்முறை என்னோடே எடுத்துவந்தேன். காலாவதி நாளுக்கு ஒரு மாதம் முன்பு என் நாட்காட்டியும் அப்பாவின் டைரியும் ஒன்றாக நினைவூட்டும்.

அடுத்த மாதம் என் அத்தை மகள் படிப்புக்காக டிரெஸ்டனுக்கு வருகிறாள். அவளிடம் மூன்று மணி நேரம் பேசினேன். எந்தக் கணக்கை எப்போது மாற்றுவது, எந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பது, முன்பணத்துக்கு எவ்வளவு யூரோவைத் தனியாக வைப்பது, ஏடிஎம் திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிளைக்கு எடுத்துப் போக வேண்டிய ஆவணங்களின் பட்டியலை அப்பா தன் கையெழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் என்று அடிக்கோடிட்டு அவளுக்கு அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளைக் கிளைக்கு அழைத்துப் போகிறவரும் அவர்தான்.